இனிக் குனிய வேண்டாம்



சென்ற மாதம் கடனையும் வட்டியையும் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "வீட்டில் அடுப்பு எரியவே வழியில்லை, டீச்சருக்கு விளையாட்டு ஒரு கேடா" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கடைசிவரை வாசியுங்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் தெமோதரைத் தோட்டத்துக்கு, சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தாயின் பெற்றோர் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின், உடுத்த துணியோடு வன்னிக்குப் போன குடும்பங்களில் ஒன்று அது. காடு வெட்டிக் காணியாக்கி, கிணறு தோண்டி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள். 2009இல் அதுவும் போயிற்று. கணவன் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டு இறந்தார். கைக்குழந்தையோடு மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு மீள்குடியேறி, அங்கும் தனியே தாக்குப்பிடிக்க முடியாமல், இங்கே இருக்கும் மாமன் வீட்டைத் தேடி வந்தவர் அவர். இப்போது கொழுந்து பறிக்கிறார். அன்றைய கைக்குழந்தைக்கு இன்று பதினாறு வயது.

அந்தப் பிள்ளை நல்ல உயரம். எங்கள் லயத்து வாசல் நிலையில் தலை இடிக்கும். தகப்பனைப் போல என்று சொல்வார்கள். ஆனால் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. தோள் இரண்டும் முன்னுக்கு வளைந்து, கழுத்து உள்ளே இழுத்து, எப்போதும் எதையோ நிலத்தில் தேடுகிறவளைப் போல நடப்பாள்.

ஒருநாள் தையல் வகுப்பு முடிந்த பின் தாய் என்னிடம் வந்தார்.

"அக்கா, இவளை விளையாட்டிலயிருந்து நிப்பாட்டிப் போட்டன். நீங்களும் ஒருக்கா இவளுக்குச் சொல்லுங்க. அழுதுகொண்டே இருக்கிறாள்" என்றார். அவருடைய பேச்சில் வன்னியும் இருக்கும், தோட்டமும் இருக்கும்.

விசாரித்தேன். பிள்ளை பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடுகிறாள். உயரத்தைப் பார்த்துக் கோல் போடுகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வலய மட்டப் போட்டியில் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளை, ஒரு கோல் பின்னுக்கு. பந்து இவள் கைக்கு வந்திருக்கிறது. எறிந்தாள். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. தோற்றுப் போனார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்ற பையன்கள், "தென்னமரம் இருக்கு, தேங்காயைத்தான் காணோம்" என்று கத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

"பகிடிக்காக மட்டும் இல்லையக்கா" என்றார் தாய். "அந்தக் குட்டைச் சட்டை. பயிற்சி முடிஞ்சு வர இருட்டிப் போகுது. இவ்வளவு உயரத்துக்கு எங்க போய் மாப்பிள்ளை தேடுறது? விளையாடி என்ன கிடைக்கப் போகுது?"

ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான் சகோதரிகளே. ஆண் துணையில்லாத வீட்டில் மகளை வளர்க்கிற எவருக்கும் இந்தக் கேள்விகள் வரும். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் தேநீர் கொடுத்து, ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கத்தில் ஈவினை என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண் தர்ஜினி சிவலிங்கம். 1979இல் பிறந்தவர். அவர் வளர்ந்த காலம் எப்படிப்பட்டது என்று வடக்கில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது தர்ஜினிக்கு வயது பதினாறு. இந்தப் பிள்ளையின் வயதுதான்.

அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். அடிக்கணக்கில் ஆறடி பத்து அங்குலம். நம்மூரில் ஆறடி ஆண் நடந்து போனாலே திரும்பிப் பார்ப்போம். ஒரு பெண்பிள்ளை அந்த உயரத்தில் பஸ்ஸில் ஏறினால், கோயிலுக்குப் போனால், கடைக்குப் போனால் என்னென்ன கேட்டிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானதைத் தர்ஜினியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தார். வலைப்பந்தாட்டத்தில் தேசிய அணிக்கு வந்தார். கொழும்பில் செலான் வங்கி அணிக்காக ஆடினார். கேலிக்குக் காரணமாயிருந்த அதே உயரம் மைதானத்தில் எதிரணிக்குத் தலையிடியாக மாறியது.

இந்த விளையாட்டைப் பார்த்திராத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு அணிக்கு ஏழு பேர். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும் அல்லது கோலுக்கு எறிய வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் ஒரு கம்பத்தின் நுனியில் இருக்கும். பின்னால் பலகை கிடையாது. தட்டி விழுத்த வழியில்லை, நேராகத்தான் போட வேண்டும். ஏழு பேரில் இருவருக்குத்தான் கோல் போட அனுமதி. அவர்களும் கம்பத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான் எறியலாம். தர்ஜினி அந்த இருவரில் ஒருவர்.

போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டில் மலேசியாவில் நடந்த ஆசியச் சம்பியன் போட்டியில் இலங்கை வென்றது. கோல் கம்பத்தடியில் நின்றவர் இந்த ஈவினைப் பெண். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னுக்குப் போய் அங்கும் கழக அணிக்காக ஆடினார். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69-50 என்று தோற்கடித்தது. தர்ஜினிக்கு அப்போது வயது 39. அதே அணியில் எழிலேந்தினி சேதுகாவலர் என்ற இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார்.

2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. பதினாறு நாடுகள் ஆடின. இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாவது இடம்தான். ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகமாகக் கோல் போட்டவர் தர்ஜினி. 348 கோல்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து என்று பெரிய நாட்டுக்காரிகள் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். பதினைந்தாம் இடத்து அணியில் இருந்துகொண்டே ஒருத்தி முதலாவதாக வரலாம் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2022இல் இலங்கை மறுபடியும் ஆசியச் சம்பியன் ஆனபோதும் அவர் அணியில் இருந்தார். வயது 43.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பிள்ளையின் கண் விரிந்திருந்தது. ஆனால் உடனே முகம் வாடிவிட்டது.

"அவங்க போட்டாங்க டீச்சர். நான் போடலியே" என்றாள்.

அதற்கும் என்னிடம் ஒரு கதை இருந்தது. என் அக்காள் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள்தான் ஒருமுறை தொலைபேசியில் இதைச் சொன்னாள். பனி நாடுகளில் கேர்லிங் என்றொரு விளையாட்டு. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை, சுமார் 45 மீற்றர் நீளமான ஐஸ் தரையில் வழுக்கி விடுவார்கள். மறுமுனையில் வட்டம் வட்டமாகக் கோலம் போட்டதுபோல வரைந்திருக்கும். நடு வட்டத்துக்குக் கிட்டவாக யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அணிக்கு நான்கு பேர். ஒருத்தி கல்லை விட, மற்ற இருவர் நீளப் பிடி வைத்த தூரிகையால் கல்லின் முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கும் சூட்டில் ஐஸ் வழுவழுப்பாகி, கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகப் போகும். "கூட்டித் துடைப்பதற்கும் தங்கப் பதக்கம் கொடுக்கிறார்களா?" என்று நான் கேட்டேன். 1998 முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் கொடுக்கிறார்களாம்.

அந்த விளையாட்டில் ஸ்கொட்லாந்துப் பெண் ஈவ் மியூர்ஹெட் பெரிய பெயர் பெற்றவர். தகப்பனே அதில் உலகச் சம்பியன். பத்தொன்பது வயதிலேயே 2010 ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணிக்குத் தலைமை தாங்கினார். 2013இல் உலகச் சம்பியன். 2014 ஒலிம்பிக்கில் வெண்கலம். 2018இல் கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்காக ஜப்பானுடன் ஆடினார்கள். ஆட்டத்தின் கடைசிக் கல் மியூர்ஹெட்டின் கையில். அது நினைத்தபடி அமைந்திருந்தால் வெற்றி அவர்களுடையது. அமையவில்லை. 5-3 என்று ஜப்பான் வென்றது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு இடுப்பில் சத்திரசிகிச்சை. 2021இல் உலகப் போட்டியில் அணி பின்தங்கியதால் அடுத்த ஒலிம்பிக்குக்கு நேரடியாகப் போகக் கூட இடம் கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் தகுதிப் போட்டி ஆடித்தான் இடம் பிடித்தார்கள். அந்த அணியில் விக்கி ரைட் என்ற ஒரு தாதியும் இருந்தார். கொவிட் காலத்தில் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் வேலை செய்தவர். 2022 பெப்ரவரியில் பீஜிங்கில் இறுதியாட்டம். எதிரில் அதே ஜப்பான். 10-3 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். அது மியூர்ஹெட்டின் நான்காவது ஒலிம்பிக். அந்த ஆண்டிலேயே விளையாட்டிலிருந்து ஓய்வும் பெற்றார்.

"உலகச் சம்பியன் மகளுக்கே கடைசிக் கல் பிழைத்திருக்கிறது. உனக்கு ஒரு பந்து பிழைத்தது பெரிய குற்றமா?" என்று கேட்டேன். பிள்ளை முதல்முறையாகச் சிரித்தாள்.

"எங்கே, நீ எவ்வளவு உயரம் என்று பார்ப்போம்" என்று அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். பழைய பாடசாலை அளவுகோல் ஒன்று என்னிடம் இருந்தது. குதிகாலைச் சுவரில் வைத்து, தோளை விரித்து, தலையை நிமிர்த்தினாள். நிமிர்ந்ததும்தான் அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் தாயின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "குனி!"

மெதுவாகச் சொல்லவில்லை. அதட்டலாக, பயந்த குரலில் வந்தது. பிள்ளை சட்டென்று தோளை மடக்கித் தலையைத் தாழ்த்திவிட்டாள். பழக்கப்பட்ட ஆள் போல.

அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாய்தான் பேசினார்.

"பங்கருக்குள்ள அவர் நிமிர்ந்துதான் இருப்பார் அக்கா. அவற்ற உயரத்துக்கு அந்தக் குழி காணாது. குனி, குனி எண்டு நான் கத்திக்கொண்டே இருப்பன். பால்மா தேடி வெளிய போன நாள், ரெண்டு எட்டு நடந்திட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். குனியச் சொல்லிக் கத்தினன். கேட்கேல்லை. இவள் வளர வளர அவர்தான் நிக்கிற மாதிரி இருக்கு. என்னையறியாமச் சொல்லிப் போடுறன்."

சகோதரிகளே, பகிடி, குட்டைச் சட்டை, இருட்டு, மாப்பிள்ளை என்று அவர் சொன்ன காரணங்களெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இந்த ஒரு சொல் கிடந்திருக்கிறது. தலையைத் தூக்கினால் ஆபத்து. அன்று அந்தச் சொல்தான் இவரையும் குழந்தையையும் காப்பாற்றியது. ஆகையால் அது பிழையான சொல் அல்ல. ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. பிள்ளை பாவம், தாய் ஏன் சொல்கிறார் என்று தெரியாமல், தன் உயரம்தான் அம்மாவுக்கு வெட்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள். அதை அவளே அன்று சொல்லி அழுதாள். தாயும் அழுதார். நான் தேநீரைச் சூடாக்கப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

உங்களில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு சொல் இருக்கிறது? "சத்தம் போடாதே", "வெளியே நிற்காதே", "பெயர் சொல்லாதே", "யாரையும் நம்பாதே". 1983இல் பதுளை எரிந்த நாளில் என் தாய் எங்களுக்குச் சொன்னது "தமிழ் பேசாதே" என்பது. பஸ்ஸில் ஏறினால் இன்றும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. பயம் நம்மோடு போகட்டும். பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், அது ஏன் வந்தது என்பதையாவது அவர்களுக்குச் சொல்லி வைப்போம். காரணம் தெரிந்த பிள்ளை தன்னைக் குறை நினைக்காது.

அடுத்த வாரம் நாங்கள் இருவருமாகப் பாடசாலைக்குப் போனோம். விளையாட்டுப் பொறுப்பாசிரியை அன்பாகவே பேசினார். பயிற்சியின்போது நீளக் காற்சட்டை அணியலாம் என்றார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒன்றாகவே திரும்புவது என்றும், முறை வைத்து ஒரு தாய் கூட வருவது என்றும் முடிவானது. தன் முறை வரும் நாளில் தாய்க்கு அரைப் பேர்தான் விழும். "பரவாயில்லை அக்கா" என்றார். அதன் பெறுமதி கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மாமன் ஒரு கம்பத்தை நட்டு, பழைய இரும்பு வளையம் ஒன்றைப் பத்தடி உயரத்தில் பூட்டிக் கொடுத்தார். பிள்ளை தினமும் காலையில் நூறு முறை எறிகிறாள். எத்தனை விழுந்தது என்று கொப்பியில் குறிக்கிறாள். முதல் வாரம் 41. சென்ற வாரம் 58.

"விளையாடி என்ன கிடைக்கும்" என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உயரமான பிள்ளையெல்லாம் தர்ஜினி ஆகிவிட முடியாது. மியூர்ஹெட்டுக்கு இருந்த வசதியில் நூறில் ஒன்றும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டுகிறவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. அதற்கும் உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே படிப்பைக் கைவிடக் கூடாது. வங்கிகளும் படைகளும் வேறு நிறுவனங்களும் தங்கள் அணிகளுக்காக வீராங்கனைகளை வேலைக்கு எடுப்பதுண்டு. இவை எதுவும் கிடைக்காவிட்டாலும், நிமிர்ந்து நடக்கிற ஒரு பிள்ளை கிடைப்பாள். எனக்கு அதுவே போதும்.

சில சிறு குறிப்புகள். விளையாடுகிற பிள்ளைக்குக் காலையில் வெறும் தேநீரும் பிஸ்கட்டும் போதாது. கௌபீயோ கடலையோ அவித்துக் கொடுங்கள், முடிந்த நாளில் ஒரு முட்டை, வல்லாரை, முருங்கைக் கீரை. வயிற்றுநோவு உள்ள மாதவிடாய் நாட்களில் கட்டாயப்படுத்த வேண்டாம். நோவில்லாவிட்டால் ஆடுவதில் தவறில்லை. முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு இழுத்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒரு முறையாவது போய்ப் பிள்ளை ஆடுவதைப் பாருங்கள்.

எங்கள் தெமோதரை ரயில் நிலையம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மலை செங்குத்தாக இறங்குவதால், தண்டவாளம் ஒரு பெரிய வட்டம் போட்டுச் சுற்றி வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள்ளால் போகிறது. நேரே போக வழியில்லாத இடத்தில் சுற்றிப் போவதும் போவதுதான். நம் வீட்டுப் பிள்ளைகளின் பாதையும் அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் அந்தத் தாய் கம்பத்தடியில் நின்று பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் எறிந்த பந்து வளையத்தைத் தொட்டும் தொடாமலும் வெளியே போயிற்று. தாய் வாயைத் திறந்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"நிமிர்ந்து எறி பிள்ளை" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொல் இருந்தால், அதை எப்படி மாற்றினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். அடுத்த இதழில் சந்திப்போம்.